நிலக்கரி இல்லாத கிராமம்: ஒரு கிளை ரயில்பாதையும் ஒரு நகைச்சுவைப் படமும்

ஒரு கூட்டத்தில் நான் அவசரப்பட்டு உதாரணம் சொல்லப்போய் மாட்டிக்கொண்டேன். தனியார்மயம் பற்றிய கூட்டம். அரசு கைகழுவும் ஒரு பொதுச்சேவையை மக்களே எடுத்து நடத்த முடியும் என்று பேசிக்கொண்டு வந்தவன், 'தி டிட்ஃபீல்ட் தண்டர்போல்ட்' என்ற ஆங்கிலப் படத்தின் கதையைச் சொன்னேன். கூட்டம் சிரித்தது, கைதட்டியது. முடிந்து வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது ரயில்வேயில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்வுபெற்ற தோழர் ஒருவர் பக்கத்தில் வந்தார். "எல்லாம் சரி தோழர், அந்த லைன்ல அதுவரைக்கும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவங்க எங்க போனாங்க?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. மூன்று முறை பார்த்த படம். அந்தக் கேள்வி ஒரு முறைகூட எனக்குத் தோன்றியதில்லை.

அதற்கப்புறம்தான் அந்தப் படம் எடுக்கப்பட்ட பாதையின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததும் படத்தை நான்காவது முறை பார்த்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. மேலே சொன்ன உதாரணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதை. லண்டனில் இருக்கும் ஈலிங் ஸ்டுடியோவின் தயாரிப்பு, 1953இல் வெளிவந்தது. எழுதியவர் டி.இ.பி. கிளார்க், இயக்கியவர் சார்ல்ஸ் கிரைட்டன். ஈலிங்கின் நகைச்சுவைப் படங்களில் வண்ணத்தில் வந்த முதல் படம். டிட்ஃபீல்ட் என்ற கற்பனைக் கிராமத்தின் கிளை ரயிலை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வருகிறது. ஊர்ப் பண்ணையார் செஸ்டர்ஃபோர்டும் ரயில் பைத்தியமான பாதிரியார் வீச்சும் நாமே ஓட்டுவோம் என்று கிளம்புகிறார்கள். பணத்துக்கு எங்கே போவது? வாலன்டைன் என்று ஒரு பணக்காரக் குடிகாரர் இருக்கிறார். ஊர் மதுக்கடை சட்டப்படி குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் திறக்கும், ஓடும் ரயிலில் பார் வைத்தால் காலையிலேயே குடிக்கலாம் என்று சொல்லி அவரைச் சம்மதிக்க வைக்கிறார்கள். பஸ் கம்பெனி நடத்தும் இரண்டு பேர் வில்லன்கள். ரோடு ரோலரைக் கொண்டுவந்து இன்ஜினோடு மோத விடுகிறார்கள், இரவோடு இரவாக இன்ஜினைத் தடம்புரளச் செய்கிறார்கள். கடைசியில் மியூசியத்தில் கிடக்கும் பழைய இன்ஜின் ஒன்றைக் கிளப்பிக்கொண்டு வந்து ரயிலை ஓட்டிக் காட்டி ஜெயிக்கிறார்கள். டக்ளஸ் ஸ்லோகோம்ப் ஒளிப்பதிவு. கோடைகால இங்கிலாந்தின் பச்சை கண்ணை நிறைக்கிறது. இந்த அழகை மறுக்கிற விமர்சனம் எனக்கு வேண்டாம். அழகுதான் இங்கே பிரச்சினையே.

இந்தப் பச்சை எங்கே படமாக்கப்பட்டது? தென்மேற்கு இங்கிலாந்தில் சோமர்செட் பகுதி. பாத் நகரத்துக்குத் தெற்கே கேம் என்ற சிற்றாறு ஓடுகிற பள்ளத்தாக்கு. ஹாலட்ரோவிலிருந்து காமர்ட்டன் வரை 1882இல் ஒரு பாதை வந்தது. அதை 1910இல் லிம்ப்ளி ஸ்டோக் வரை நீட்டினார்கள். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனியின் கிளை. முதல் உலகப்போர்க் காலத்தில், 1915இல், பயணிகள் வண்டியை நிறுத்தினார்கள். 1923இல் திரும்ப விட்டுப் பார்த்தார்கள். 1925இல் ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். ஆக, நீட்டிய பாதையில் பயணிகள் வண்டி ஓடியதே எல்லாம் சேர்த்து ஏழெட்டு வருஷம்தான். மக்கள் ரயில், ஊரின் உயிர்நாடி என்றெல்லாம் உருகுவதற்கு இந்தப் பாதையில் இடமே இல்லை. பிறகு எதற்காக 1951வரை அது உயிரோடு இருந்தது? நிலக்கரிக்காக. காமர்ட்டன் சுரங்கத்தை 1950இல் மூடினார்கள், அடுத்த பிப்ரவரியில் பாதையையும் மூடினார்கள். 1952 கோடையில் ஈலிங் கேமரா வந்து இறங்கியது. மாங்க்டன் கூம் ஸ்டேஷனுக்கு டிட்ஃபீல்ட் என்று போர்டு மாட்டினார்கள்.

படம் முழுக்கத் தேடிப் பாருங்கள், ஒரு துண்டு நிலக்கரி இருக்கும். அது இன்ஜினில் அள்ளிப்போடும் நிலக்கரி. எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் படத்தில் இடமில்லை. சுரங்கம் இல்லை, சுரங்கத் தொழிலாளி இல்லை, கழிவைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த கரும்மேடு இல்லை. அந்த மேட்டை அந்த ஊர் வழக்கில் 'பேட்ச்' என்பார்கள். பண்ணையார், பாதிரியார், குடிகாரர், திருட்டு வேட்டைக்காரர், வயல், வேலி, பசு. விடுபட்டதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் விடுபட்டதைத் திரும்பப் பொருத்திப் படித்தால் பிரதி என்னவாகிறது என்று பார்ப்பது நம் வேலை.

முதலில் கால்வாய். ரயில் வருவதற்கு நூறு வருஷம் முன்னாலேயே அந்தப் பள்ளத்தாக்கில் சோமர்செட்ஷயர் நிலக்கரிக் கால்வாய் வெட்டினார்கள். 1794இல் அதற்குப் பாராளுமன்றம் சட்டம் போட்டது. நன்றாக ஓடிய காலத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் நிலக்கரி படகுகளில் போயிற்று. அதற்கு நில அளவை செய்தவர் வில்லியம் ஸ்மித். கால்வாய்க்காக வெட்டிய இடங்களில் பாறை அடுக்குகள் ஒரே வரிசையில் அமைந்திருப்பதையும், அடுக்குக்கு அடுக்கு புதைபடிவங்கள் வேறுபடுவதையும் கவனித்து, 1815இல் இங்கிலாந்தின் நிலவியல் வரைபடத்தை வெளியிட்ட ஆள். கால்வாய்க் கம்பெனி 1799லேயே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டது. 1819இல் கடனுக்காகச் சிறையில் கிடந்தார். அது தனிக் கதை. ரயில்கள் வந்து கால்வாயின் சரக்கைப் பிடுங்கிக்கொண்டன. 1898இல் கால்வாய் மூடியது. அதைக் கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியே வாங்கி, பல இடங்களில் கால்வாயின் தடத்திலேயே தண்டவாளம் போட்டது. அந்தப் பாதைதான் 1910இல் திறக்கப்பட்டது.

அதாவது, பாரம்பரியத்தின் குறியீடாகப் படம் தூக்கிப்பிடிக்கும் ரயில், தனக்கு முன்னால் இருந்த ஒன்றின் பிணத்தின்மேல் போட்டது. பஸ் ரயிலைக் கொன்றது என்று அழுகிறவர்கள் ரயில் கால்வாயைக் கொன்றதற்கு அழுவதில்லை. படகோட்டிகள் போன இடம் தெரியாது. படம் எடுத்தபோது அந்தப் பாதைக்கு வயது நாற்பத்திரண்டு. ஆனால் திரையில் அது உலகத்தின் மிகப் பழைய கிளைப்பாதையாக இருக்கிறது. பண்ணையாரின் முன்னோர் கட்டியதாகவும் கதை சொல்கிறார்கள். சொத்து பரம்பரையாக வந்தால் அதன் நினைவும் பரம்பரைச் சொத்தாகிவிடும் போலிருக்கிறது.

ரேமண்ட் வில்லியம்ஸ் தன் 'கிராமமும் நகரமும்' (1973) நூலில் இந்த வித்தையைத்தான் பிரித்துக் காட்டினார். பழைய நல்ல இங்கிலாந்து இப்போதுதான் போய்விட்டது என்று ஒரு தலைமுறை எழுதுகிறது. அவர்கள் சொல்லும் காலத்துக்குப் போய்ப் பார்த்தால் அங்கிருந்த எழுத்தாளர்கள் அதற்கு முந்தைய காலத்தைச் சொல்லி அழுகிறார்கள். இப்படியே பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கலாம், அந்தப் பொற்காலம் கைக்கு வராது. இதை நூலில் படிக்கும்போது கோட்பாடாக இருந்தது. கேம் பள்ளத்தாக்கில் அது மண்ணோடு கிடக்கிறது. தண்டவாளத்துக்கு அடியில் கால்வாய்.

இன்னும் பின்னால் போனால் இதைவிட விசேஷமான ஒருவர் அகப்படுகிறார். படத்தில் வருவதுபோலவே காமர்ட்டனில் ஒரு பாதிரியார் இருந்தார். ஜான் ஸ்கின்னர். 1800இலிருந்து 1839வரை அந்தத் திருச்சபைப் பங்கின் குரு. நாட்குறிப்பு எழுதியே வாழ்ந்தவர். 98 கையெழுத்துத் தொகுதிகளை பிரிட்டிஷ் மியூசியத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அதில் ஒரு பகுதி 1930இல் நூலாக வந்தது. வர்ஜீனியா உல்ஃப் அதைப் படித்து ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். டிட்ஃபீல்டின் பாதிரியாரும் பண்ணையாரும் தோளில் கைபோட்டுக்கொண்டு ஊரைக் காப்பாற்றுகிறார்கள். ஸ்கின்னரின் காமர்ட்டனில் நிலமும் சுரங்கமும் ஜாரெட் என்ற பண்ணைக் குடும்பத்தின் கையில் இருந்தன. பாதிரியார் அந்தக் குடும்பத்தோடு வருஷக்கணக்காகச் சண்டை போட்டார். சுரங்கத் தொழிலாளிகளோடும் அவருக்கு ஆகவில்லை. அவர்கள் குடியைத் திட்டுகிறார், மரியாதையில்லாத பேச்சைத் திட்டுகிறார், ஆனால் சுரங்கத்தில் அடிபட்டும் விழுந்தும் அவர்கள் சாவதையும் எழுதி வைத்திருக்கிறார். தான் வாழும் காலத்தைச் சகிக்க முடியாமல் ரோமானியர் காலத்துக்குள் போய் ஒளிந்துகொண்டார். பழைய நூல்களில் வரும் கமுலோடுனம் என்ற நகரம் தன் காமர்ட்டன்தான் என்று நிரூபிக்க ஆயுள் முழுக்க மண்ணைத் தோண்டினார். அது தப்பு. கமுலோடுனம் கிழக்கே இருக்கிற கால்செஸ்டர். 1839 அக்டோபரில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்தார்.

இந்த மனுஷரை எனக்குப் பிடித்துவிட்டது என்று சொன்னால் தோழர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. அவர் தொழிலாளிகளின் நண்பர் அல்ல. ஆனால் அவருடைய வெறுப்பில் இருக்கும் தகவல், டிட்ஃபீல்டின் அன்பில் இல்லை. ஊர் என்பது ஒரே மனசு உள்ள குடும்பம் என்ற பொய்யை அவர் எழுத முடியாமல் போயிற்று, ஏனென்றால் தினமும் அவர் வாசலில் சண்டை நடந்தது. ஒரே மண்ணை அவர் ரோமானியனுக்காகவும் அவர்கள் கூலிக்காகவும் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

கூலிக்குத் தோண்டியவர்களைப் பற்றி ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். சோமர்செட்டின் நிலக்கரி அடுக்குகள் மெல்லியவை, உடைந்தவை, சாய்ந்தவை. பல இடங்களில் நிமிர முடியாது, உட்காரக்கூட முடியாது. டிரக்கோ குதிரையோ உள்ளே போகாது. ஆகவே பையன்களை அனுப்பினார்கள். இடுப்பைச் சுற்றி ஒரு கயிறு. அதிலிருந்து ஒரு சங்கிலி, இரண்டு காலுக்கும் நடுவே பின்னால் போகும். சங்கிலி முனையில் கொக்கி, கொக்கியில் நிலக்கரி நிரப்பிய சறுக்குப் பலகை. பையன் நாலுகாலில் தவழ்ந்து இழுத்துக்கொண்டு போவான். இதற்கு 'கஸ் அண்ட் க்ரூக்' என்று பெயர். இடுப்புத் தோல் கயிறுபட்டு உரிந்துபோகும். விக்டோரியா ராணி காலத்துக் கதை என்று நினைத்துத்தான் நானும் படித்தேன். சோமர்செட்டில் இது 1949வரை நடந்திருக்கிறது. 1949! நிலக்கரிச் சுரங்கங்கள் 1947இலேயே தேசியமயம் ஆகிவிட்டன. படப்பிடிப்புக்கு மூன்று வருஷம்தான் பாக்கி.

இப்போது படத்துக்குத் திரும்பலாம். விசாரணைக் கூட்டத்தில் பண்ணையார் எழுந்து பேசுகிறார். ரயில் போய் பஸ்ஸும் லாரியும் வந்தால் கிராமத்துச் சந்துகள் கான்கிரீட் ரோடாகிவிடும், பெயர் சொல்லிக் கூப்பிட்ட வீடுகளுக்கு நம்பர் வந்துவிடும் என்கிற ரீதியில் போகும் பேச்சு. உணர்ச்சிகரமான இடம். முதல் மூன்று முறையும் நான் அங்கே அவர் பக்கம்தான் இருந்தேன். கார் கம்பெனிகளின் உலகத்தை அவர் முன்கூட்டியே பார்த்துவிட்டார் என்றுகூட நினைத்தேன். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் பெயர் வைத்த வீடு யாருடைய வீடு? சுரங்கக்காரனின் வரிசை வீட்டுக்குப் பெயர் ஏது? அதே கூட்டத்தில் தொழிற்சங்கம் சார்பாக ஒருவர் எழுந்து பேசுகிறார். அவரைப் படம் ஒரு தொந்தரவுபிடித்த ஆளாகக் காட்டிச் சிரிக்க வைக்கிறது. தோழர் என்னிடம் கேட்ட கேள்வி படத்துக்குள்ளேயே கிட்டத்தட்ட எழுந்து, சிரிப்பில் அமுங்கிவிடுகிறது. சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

பிரிட்டிஷ் ரயில்வே 1948இல் அரசுடைமையாயிற்று. படம் வந்தது அதற்கு ஐந்து வருஷம் கழித்து, லேபர் கட்சி தோற்று சர்ச்சில் திரும்ப வந்த பிறகு. லாரிப் போக்குவரத்தை மறுபடி தனியாருக்குக் கொடுக்கும் சட்டம் 1953இல்தான் வந்தது. டிட்ஃபீல்டில் அரசு என்பது லண்டனிலிருந்து வரும் ஒரு அறிவிப்பு, ஒரு அதிகாரி. மக்கள் என்பது ஊர்ப் பெரிய மனிதர்கள். இதே கிளார்க் 1949இல் எழுதிய 'பாஸ்போர்ட் டு பிம்லிகோ' படத்தில் குண்டுவீச்சில் இடிந்த லண்டன் தெருவின் கடைக்காரர்களும் சாதாரண ஜனங்களும் ஒரு குட்டித் தனிநாடு அமைப்பார்கள். அங்கே கதையின் மையம் தெரு. இங்கே பண்ணை வீடு. நாலே வருஷத்தில் ஈலிங்கின் 'மக்கள்' எங்கிருந்து எங்கே நகர்ந்துவிட்டார்கள் பாருங்கள்.

தொண்டர்கள் ரயில் ஓட்டும் கற்பனைக்கு அடிப்படை வேல்ஸில் நடந்த ஒரு நிஜச் சம்பவம். டாலிலின் என்ற குறும்பாதையை 1951இல் எல்.டி.சி. ரோல்ட்டும் நண்பர்களும் தொண்டர்களைச் சேர்த்து ஓட்ட ஆரம்பித்தார்கள். அவர்களைக் கேலி செய்ய மாட்டேன். தொலைந்துபோயிருக்க வேண்டிய எத்தனையோ கைத்தொழில் அறிவை இப்படிப்பட்ட சங்கங்கள் காப்பாற்றி வைத்திருக்கின்றன. ஆனால் தொண்டு என்பது வாழ வேறு வழி உள்ளவர்களின் ஞாயிற்றுக்கிழமை. டிட்ஃபீல்ட் ஓட்டுவதாகச் சொல்வது ஒரு ஊருக்குத் தேவையான தினசரி ரயிலை. அதைக் குடிகாரர் ஒருவரின் பணத்திலும் பாதிரியாரின் ஆசையிலும் ஓட்டலாம் என்றால், டிரைவருக்கும் ஃபயர்மேனுக்கும் கேங்மேனுக்கும் எதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்? சமூகமே பார்த்துக்கொள்ளும் என்ற பேச்சு பிற்பாடு எந்தெந்த வாய்களிலிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியும். அன்றைக்கு மேடையில் நான் அந்த வாய்களில் ஒன்றாக இருந்தேன்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்திருக்கிறது. தெற்கே சசெக்ஸில் லூயிஸுக்கும் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டுக்கும் இடையிலான பாதையை 1955இல் மூடினார்கள். அந்தப் பகுதியில் வாழ்ந்த மேட்ஜ் பெஸ்மர் என்ற பெண்மணி பழைய சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். பாதை போடுவதற்குப் பாராளுமன்றம் இயற்றிய பழைய சட்டத்தில், தினம் நாலு ரயில் விட்டே ஆக வேண்டும் என்ற ஷரத்து ரத்தாகாமல் கிடந்தது. 1956இல் ரயில்வே நிர்வாகம் வேறு வழியில்லாமல் திரும்ப வண்டி விட்டது. எப்படி? சட்டத்தில் பெயர் இருக்கும் ஸ்டேஷன்களில் மட்டும் நிறுத்தம், அந்த நாலே வண்டி. ஜனங்கள் அதற்கு 'முகம் தூக்கிய சேவை' என்கிற மாதிரி ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். 1958இல் பாராளுமன்றத்தின் மூலம் ஷரத்தை நீக்கிக்கொண்டு மூடினார்கள். தோற்ற போராட்டம்தான். ஆனால் அந்தப் பெண்மணி கேட்டது கருணையும் இல்லை, தொண்டும் இல்லை. நீ ஓட்டக் கடமைப்பட்டவன், ஓட்டு என்றார். சம்பளம் வாங்கும் டிரைவர்தான் அந்த நாலு வண்டியையும் ஓட்டினார். கூட்டத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய உதாரணம் இது. இதை வைத்து யாரும் வண்ணப்படம் எடுக்கவில்லை. அந்தப் பாதையின் ஒரு பகுதி 1960இலிருந்து புளூபெல் ரயில்வே என்ற பெயரில் தொண்டர்களால் ஓடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

கிளை ரயில்களின் சாவு என்றதும் இங்கிலாந்தில் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்: பீச்சிங். 1963 மார்ச்சில் அவர் கொடுத்த அறிக்கை சுமார் 5,000 மைல் பாதையையும் 2,363 ஸ்டேஷன்களையும் மூடச் சொன்னது. அப்போதைய போக்குவரத்து அமைச்சர் எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ், ரோடு போடும் கம்பெனியில் பங்கு வைத்திருந்தவர். இதெல்லாம் உண்மை. ஆனால் ஒற்றை வில்லனை வைத்துச் சொல்லும் வரலாறு வசதியானது. பீச்சிங்குக்கு முன்னாலேயே, 1948க்கும் 1962க்கும் இடையில், 3,000 மைலுக்கு மேல் பாதை மூடப்பட்டிருந்தது. காமர்ட்டன் அதில் ஒன்று. மூடலை நிறுத்துவோம் என்று 1964இல் வாக்குக் கேட்டு வந்த லேபர் அரசும் மூடிக்கொண்டே போயிற்று. படத்தின் ஆரம்பக் காட்சியில் மிட்ஃபோர்டில் உயரமான பாலத்தின்மேல் ஒரு பெரிய ரயில் போகும், அதன் அடியில் நம் குட்டி ரயில் போகும். மேலே போவது சோமர்செட் அண்ட் டார்செட் பாதை. அதுவும் 1966 மார்ச்சில் போய்விட்டது. அந்தச் சுரங்க வட்டாரத்தின் கடைசிச் சுரங்கங்கள் 1973இல் மூடப்பட்டன. ரயிலுக்கு இரங்கல் எழுதியவர்கள் நூறு பேர் இருந்தால் சுரங்கத்துக்கு எழுதியவர்கள் இரண்டு பேர் இருப்பார்களா தெரியவில்லை. கழிவுமேடுகளில் மரம் வளர்ந்துவிட்டது. காமர்ட்டனின் பேட்ச் இயற்கைக் காப்பிடம் ஆகிவிட்டது. படத்தின் பச்சை ஒருவழியாக உண்மையாகிவிட்டது.

ரயில்வே கிராமத்தை உள்ளிருந்து எழுத முடியாதா என்றால் முடியும். மேலே சொன்ன வில்லியம்ஸே வேல்ஸ் எல்லையில் பாண்டி என்ற கிராமத்து சிக்னல்மேனின் மகன். அவருடைய 'பார்டர் கண்ட்ரி' (1960) நாவலில் 1926 பொது வேலைநிறுத்தம் ஒரு சின்ன ஸ்டேஷனின் சிக்னல் கேபினுக்குள் நடக்கிறது. அங்கே ரயில் என்றால் ஷிப்டு, கூலி, சங்கம், தோட்டத்தில் தேனீ வளர்ப்பு எல்லாம்தான். பாசம் அதிலும் இருக்கிறது, வேலையைப் பற்றிய பாசம். டிட்ஃபீல்டில் ரயிலைப் பற்றி மட்டும்தான் பாசம்.

தோழரை வீட்டுக்கு அழைத்து அவரோடு உட்கார்ந்து படத்தைப் பார்த்தேன். ரோடு ரோலர் சண்டைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். மியூசியத்திலிருந்து வரும் இன்ஜின் நிஜத்தில் 'லயன்' என்ற 1838ஆம் வருஷத்து இன்ஜின் என்றும், ஓட்டம் முடிந்தபின் லிவர்பூல் துறைமுகத்தில் தண்ணீர் இறைக்கும் பம்பாக 1928வரை உழைத்தது என்றும் சொன்னேன். "ரிட்டயர் ஆனவனைக் கூப்பிட்டு வாட்ச்மேன் வேலை குடுக்கிற மாதிரி" என்றார். கதையில் டான் என்று ஒரு கிழவர் வருகிறார். திருட்டு வேட்டைக்காரர், பழைய ரயில்வேக்காரர். அந்தக் கூட்டத்தில் தொழில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சக்கரமில்லாத ஒரு பழைய ரயில் பெட்டிதான் அவர் குடியிருக்கும் வீடு. கடைசி ஓட்டத்துக்குப் பெட்டி இல்லை என்றதும் எல்லோரும் சேர்ந்து அந்த வீட்டைத் தூக்கி வேகன்மேல் வைத்துக் கட்டிவிடுவார்கள். படத்தின் உற்சாகமான இடங்களில் ஒன்று. அந்த இடத்தில் தோழர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இன்னிக்கு ராத்திரி அவர் எங்க படுப்பார்?"

நான் படத்தைப் பின்னால் ஓட்டி அந்த இடத்தை மறுபடி போட்டேன்.